எமர்சன், லேக் அண்ட் பாமர்: முதல் ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1970 நவம்பரில் இங்கிலாந்தில் வெளியான இந்த ப்ரோக்ரஸிவ் ராக் ஆல்பத்தைப் பல வருடங்களாக நண்பர்களுக்குப் போட்டுக் காட்டி வருகிறேன். யாருக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே இடங்களில் அதே சந்தேகங்கள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது யாரோட ஆல்பம்? குழு பேரும் ஆல்பம் பேரும் ஒண்ணாவே இருக்கே?

ஆமாம், இரண்டும் ஒரே பெயர்தான். கீத் எமர்சன் கீபோர்டு, கிரெக் லேக் பாட்டும் பேஸும் கிட்டாரும், கார்ல் பாமர் டிரம்ஸ். மூவரும் புதுமுகங்கள் இல்லை. எமர்சன் 'தி நைஸ்' என்ற குழுவில் இருந்தவர். லேக் 'கிங் கிரிம்ஸன்' குழுவின் முதல் ஆல்பத்தில் பாடியவர். பாமர் 'அட்டாமிக் ரூஸ்டர்' குழுவிலிருந்து வந்தார். 1969 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் தி நைஸும் கிங் கிரிம்ஸனும் ஒரே மேடையில் வாசித்தபோதுதான் எமர்சனும் லேக்கும் சேர்ந்து குழு தொடங்கும் பேச்சை எடுத்தார்கள்.

பதிவு நடந்தது 1970 ஜூலை முதல் செப்டம்பர் வரை, லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில். தயாரிப்பு லேக், ஒலிப்பதிவு எடி ஆஃபர்ட். அப்போது எமர்சனுக்கு 25 வயது, லேக்குக்கு 22, பாமருக்கு 20. இந்த வயதுகளை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த வேகமும் துணிச்சலும் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

ப்ரோக்ரஸிவ் ராக்னு சொல்றீங்களே, சாதாரண ராக்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் சில குழுக்கள் மூன்று நிமிடப் பாட்டு, இரண்டு சரணம், ஒரு கிட்டார் சோலோ என்ற அளவு போதாது என்று நினைத்தார்கள். பாட்டை நீட்டினார்கள், நடுவே தாளத்தை மாற்றினார்கள், ஜாஸ், நாட்டுப்புற இசை, கிளாசிக்கல் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போக்குக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பெயர் இது.

இந்த ஆல்பத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படியே இருக்கிறது. மொத்தம் 41 நிமிடம், பாட்டுகள் ஆறுதான். அதில் மூன்றில் பாட்டு வரிகளே கிடையாது.

மேற்கத்திய கிளாசிக்கல் எதுவும் கேட்டதில்ல. எனக்கு இது புரியுமா?

புரியும். இதில் இரண்டு பாட்டுகளுக்கு மூலம் பார்டோக், யானாசெக் என்ற இசையமைப்பாளர்களின் படைப்புகள். நானும் இதை முதலில் கேட்டபோது அவர்கள் யார் என்று ஒன்றும் தெரியாது. 'தி பார்பேரியன்' தொடங்கியதும் உடம்பு நிமிர்ந்தது, அவ்வளவுதான். மூலம் தெரிந்தால் இன்னொரு சுவை சேரும். தெரியாவிட்டால் குறை ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வேறு வேலை செய்துகொண்டே ஓட விடாதீர்கள். சத்தம் திடீரென்று ஏறும், திடீரென்று ஊசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு இறங்கும். பஸ்ஸில் கேட்டால் பாதி காதில் விழாது.

எந்தப் பாட்டுல இருந்து ஆரம்பிக்கலாம்?

எல்லோரும் 'லக்கி மேன்' என்பார்கள். எளிய பாட்டு, நாலரை நிமிடம், ஒரு தடவையிலேயே பிடித்துவிடும். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று வந்தவர்கள் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். என் யோசனை, இசைத்தட்டின் முதல் பக்கத்தை அப்படியே கேளுங்கள்: 'தி பார்பேரியன்', 'டேக் எ பெபிள்', 'நைஃப் எட்ஜ்'. 22 நிமிடத்தில் இந்தக் குழு யார் என்று தெரிந்துவிடும். அங்கே பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் பக்கம் உங்கள் மனதை மாற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை.

'தி பார்பேரியன்' பார்டோக்கோடதாமே? அப்படியே எடுத்து வாசிச்சிருக்காங்களா?

ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1911-இல் தனிப் பியானோவுக்கு எழுதிய 'அல்லெக்ரோ பார்பரோ' தான் இதன் அடி. சுமார் மூன்று நிமிட உருப்படி. பியானோவைக் குழைந்து பாடும் கருவியாக இல்லாமல் கொட்டும் கருவியாகப் பார்த்த படைப்பு அது. சேர்ந்தொலிக்கும் ஒரே ஸ்வரத் தொகுப்பை விரல்கள் திரும்பத் திரும்ப அறையும். நடுவில் அந்த அறைதல் மட்டும் தனியாக நிற்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அடுத்து எங்கே விழும் என்று நாம் காத்திருப்போம்.

எமர்சன் செய்தது, அந்தப் பியானோவுக்குள் ஏற்கெனவே ஒரு ராக் குழு ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்ததுதான். முதல் சில நொடிகளைக் கவனியுங்கள். பொரபொரவென்று கிழிந்த ஒலியில் லேக்கின் பேஸ், அதன் மேல் ஹாம்மண்ட் ஆர்கன், கூடவே டிரம்ஸ். பார்டோக்கின் இடது கை வேலையைப் பேஸும் டிரம்ஸும் பிரித்து எடுத்துக்கொண்டன. நடுப்பகுதியில் ஆர்கன் போய்ப் பியானோ வரும், அங்கே மூலத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறார்கள். பாமர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துக்கொண்டே பியானோவை மூடிவிடாமல் மெல்ல வாசிப்பது தனி அழகு. பிறகு ஆர்கன் திரும்பி வந்து எல்லாம் சேர்ந்து இடிக்கிறது. அப்படியே எடுத்ததா என்றால், இல்லை. மெட்டு அவருடையது, உடம்பு இவர்களுடையது.

'நைஃப் எட்ஜ்'ல ஒருத்தர் யானாசெக்ங்கிறார், இன்னொருத்தர் பாக்ங்கிறார். யாரு சரி?

இருவரும் சரி. பாட்டின் முதன்மை மெட்டு செக் இசையமைப்பாளர் லேயோஷ் யானாசெக்கின் 'சின்ஃபோனியெட்டா'வின் முதல் பகுதியிலிருந்து வருகிறது. 1926-இல் எழுதப்பட்டது, அந்த வருடம் பிராகில் அரங்கேறியது. அந்த முதல் பகுதியில் வயலின்களே கிடையாது, டிரம்பெட்டுகளும் மற்றப் பித்தளை வாத்தியங்களும் டிம்பனி என்ற பெரிய முரசும் மட்டும். திருவிழா முழக்கம் மாதிரி வெயிலில் பளபளக்கும் இசை. அதையே லேக்கின் பேஸில் இறக்கி, இருட்டில் யாரோ பின்தொடர்ந்து வருவது போல ஆக்கியிருக்கிறார்கள். மெட்டு அதேதான், மனநிலை நேர் எதிர். இதற்கு வரிகள் லேக்கும் ரிச்சர்ட் ஃபிரேசரும் எழுதியவை.

நடுவில் ஆர்கன் மட்டும் தனியாகப் பேசும் இடம் வருமே, அது ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். அவருடைய முதல் 'ஃபிரெஞ்சு சூட்' என்ற நடன இசைத் தொகுப்பின் அல்லெமாண்ட் பகுதி. இருநூறு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு மெட்டுகள் ஐந்து நிமிடத்துக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, தையல் தெரியவில்லை. கடைசியில் டேப்பின் வேகம் குறைந்து, கரண்ட் போன ரெக்கார்டு பிளேயர் போல எல்லாம் இழுபட்டு நிற்கும். உங்கள் பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது வேண்டுமென்றே செய்தது.

அப்போ இது திருட்டுதானே?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் வந்த பிரிட்டிஷ் பதிப்பில் பார்டோக் பெயரும் இல்லை, யானாசெக் பெயரும் இல்லை. குழுவின் பெயரில்தான் போட்டிருந்தார்கள். பாக் 1750-இல் இறந்தவர், அவர் இசைக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. பார்டோக் இறந்தது 1945-இல், யானாசெக் 1928-இல். இறந்து 50 வருடம் வரை உரிமை உண்டு என்பது அன்றைய பிரிட்டிஷ் சட்டம். ஆக 1970-இல் இரண்டுமே உரிமை உள்ள படைப்புகள்.

பெயர் போடாதது தவறு. எமர்சன் எவ்வளவு பெரிய கலைஞர் என்று நான் நினைத்தாலும் இதில் மாற்றுக் கருத்து இல்லை. கேட்டவர்களில் பலர் அந்த மெட்டுகளை எமர்சன் இட்டுக்கட்டியதாகவே பல காலம் நம்பியிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு, பின்னால் வந்த மறுபதிப்புகளில் பெயர்கள் சேர்ந்தன.

ஆனால் எடுத்து வாசித்ததே தவறு என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தி நைஸ் காலத்திலேயே எமர்சன் ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸையும் பாக்கையும் எடுத்து வாசித்தவர். பார்டோக்கே கிராமம் கிராமமாகப் போய் மக்கள் பாடுவதைப் பதிவு செய்து, அதன் சாரத்தைத் தன் இசைக்குள் கொண்டுவந்தவர். ஒரு மெட்டு கைமாறும்போது புதிதாக ஒன்று பிறக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கே பிறந்திருக்கிறது. கொடுக்க வேண்டிய பெயரை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

'டேக் எ பெபிள்' நடுவுல வேற பாட்டு வந்துடுச்சோன்னு பார்த்தேன். அது ஒரே பாட்டா?

ஒரே பாட்டுதான், பன்னிரண்டரை நிமிடம். என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் இதயம் இதுதான். இதில் கடன் வாங்கிய மெட்டு இல்லை. லேக் எழுதிய ஒரு சின்னப் பாட்டை மூவரும் சேர்ந்து விரித்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் யாழ் மாதிரி ஒரு சலசலப்பு கேட்கும். யாழும் இல்லை, ஹார்ப்பும் இல்லை. பியானோவின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கம்பிகளைக் கையால் வருடுகிறார் எமர்சன். கூழாங்கல்லைத் தண்ணீரில் எறிந்து, வட்டம் விரிவதைப் பார் என்கிறது பாட்டு. அந்த வட்டத்தைத்தான் கம்பிகள் போடுகின்றன. லேக்கின் குரல் மிகத் தெளிவாக, அவசரமே இல்லாமல் வருகிறது. பிறகு எமர்சனின் பியானோ. அது ஓய்ந்ததும் எல்லோரும் விலகிக்கொள்ள, லேக் அகூஸ்டிக் கிட்டாரைத் தனியாக வாசிக்கிறார். முதலில் ஒன்றிரண்டு ஸ்வரம், நீண்ட மௌனம். அப்புறம் அது கைதட்டலோடு ஊர்த் திண்ணையில் வாசிக்கும் பாட்டாக மாறுகிறது. இங்கேதான் நீங்கள் வேறு பாட்டு என்று நினைத்திருப்பீர்கள். மறுபடி பியானோ, இந்த முறை ஜாஸ் மூவரணி போலப் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து ஏறுகின்றன. கடைசியில் முதல் மெட்டு திரும்பி வரும்போது, எங்கோ போய்விட்டு வீடு வந்த உணர்வு.

கிட்டார் பகுதிக்கு முந்தைய அந்த மௌனத்தில் பொறுமை இழந்து தள்ளிவிடாதீர்கள். அது இல்லாமல் பின்னால் வரும் கைதட்டலுக்கு வெளிச்சம் கிடையாது.

'தி த்ரீ ஃபேட்ஸ்'ங்கிறது யாரு? கடைசியில எதுக்கு வெடிச் சத்தம்?

கிரேக்கப் புராணத்தில் மனித ஆயுளைக் கையில் வைத்திருக்கும் மூன்று தேவியர். குளோதோ ஆயுள் நூலை நூற்கிறாள், லாக்கெசிஸ் அளக்கிறாள், ஆட்ரொபோஸ் அறுக்கிறாள். எமர்சன் இந்த உருப்படியை மூன்று பகுதியாக அமைத்திருக்கிறார். 'குளோதோ' லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் பெரிய குழாய் ஆர்கனில் வாசித்தது. 'லாக்கெசிஸ்' தனிப் பியானோ. 'ஆட்ரொபோஸ்' பியானோவும் தாள வாத்தியங்களும் முட்டிமோதும் பகுதி. விரலால் நாலு நாலாக எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். நூல் அறுபடுவதைத்தான் வெடிச் சத்தம் சொல்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஹாம்மண்ட் ஆர்கனும் குழாய் ஆர்கனும் ஒன்றா என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். இல்லை. ஹாம்மண்டில் சின்ன உலோகச் சக்கரங்கள் சுழன்று மின்சாரத்தால் ஒலி உண்டாகிறது, வண்டியில் ஏற்றி மேடைக்குக் கொண்டுபோகலாம். குழாய் ஆர்கனில் காற்றுதான் ஒலி, கட்டடத்தோடு கட்டடமாக நிற்பது. 'தி பார்பேரியன்' ஆர்கனையும் 'குளோதோ' ஆர்கனையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்று உறுமும், மற்றது அந்த மண்டபத்தையே நிறைக்கும்.

'டேங்க்'ல அந்த டிரம் சோலோவைத் தாண்டிப் போயிடலாமா?

போகலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தனி ஆவர்த்தனத்தைக் காத்திருந்து கேட்பவர்களுக்குப் பிடிக்கும். பாமரின் கைச்சுத்தம் அப்படி, எவ்வளவு வேகத்திலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் முன்னால் வரும் கிளாவினெட் (ஒரு மின் கீபோர்டு) பகுதியையும் பின்னால் வரும் மோக் சிந்தசைசர் பகுதியையும் (அந்தக் கருவி பற்றிக் கீழே) விடாதீர்கள். எனக்கு அந்த இரண்டும்தான் பாட்டு.

இந்தக் குழுவுல கிட்டாரே கிடையாதுன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

தனியாக ஒரு கிட்டார் கலைஞர் இல்லை, அவ்வளவுதான். வேண்டிய இடத்தில் லேக் வாசிக்கிறார். மேலே சொன்ன 'டேக் எ பெபிள்' பகுதியும், 'லக்கி மேன்' முழுவதும் அதற்குச் சாட்சி. மற்றக் குழுக்களில் மின்கிட்டார் செய்யும் வேலையை இங்கே எமர்சனின் கீபோர்டுகள் செய்கின்றன. 1970-இல் ராக் என்றாலே கிட்டார் என்று இருந்த நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

'லக்கி மேன்' லேக் பன்னிரண்டு வயசுல எழுதினதாமே? கட்டுக்கதையா?

லேக்கே பலமுறை சொன்னது. அம்மா கிட்டார் வாங்கிக் கொடுத்தபோது, தெரிந்த சில கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) வைத்து அந்த வயதில் எழுதிய பாட்டு. ஆல்பம் முடியும் தறுவாயில் ஆல்பத்தின் நீளம் போதாமல் இன்னொரு பாட்டு தேவைப்பட்டது, யாரிடமும் கைவசம் எதுவும் இல்லை. அப்போது இதை எடுத்தார். லேக்கும் பாமரும் அடித்தளத்தைப் பதிவு செய்ய, லேக் அதன் மேல் பேஸ், கிட்டார், குரல்கள் என்று அடுக்கடுக்காகச் சேர்த்தார்.

கதை ஒரு சிறுவன் எழுதக்கூடிய கதைதான். வெள்ளைக் குதிரை, அழகான பெண்கள், பட்டு, தங்கம் என்று எல்லாம் உள்ள ஒருவன் போருக்குப் போகிறான், குண்டு பட்டு இறக்கிறான். பணம் அவனைக் காப்பாற்றவில்லை. அந்த எளிமையை லேக் பெரியவனான பிறகு திருத்தாமல் விட்டது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்தப் பாட்டு கடைசியில விமானம் கிளம்புற மாதிரி ஒரு சத்தம் வருதே, அது என்ன?

மோக் சிந்தசைசர். ராபர்ட் மோக் உருவாக்கிய கருவி, எமர்சன் கைக்கு அப்போதுதான் வந்திருந்தது. தொலைபேசி இணைப்பகம் போல ஒயர்களைச் செருகிச் செருகித்தான் ஒலியை உண்டாக்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்தான் வரும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும் வசதி அதில் உண்டு. நீங்கள் விமானம் என்று சொல்வது அந்த வழுக்கலைத்தான். நம் காதுக்குக் கமகம் பழகியிருப்பதாலோ என்னவோ, நான் போட்டுக் காட்டிய எல்லோருமே இந்த இடத்தில் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார்கள்.

பாட்டு கிட்டத்தட்ட முடிந்த பிறகு எமர்சன் வந்து, ஓடும் பாட்டோடு சேர்ந்து சும்மா வாசித்துப் பார்த்தார். அதைச் சோதனை என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அது பதிவாகிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் சரியாக வாசிக்கிறேன் என்றார், மற்றவர்கள் வேண்டாம் என்று அதையே வைத்துக்கொண்டார்கள். ராக் இசையில் இந்தக் கருவிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த சோலோ இப்படித்தான் ஒரே தடவையில் வந்தது. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடியாழத்துக்கு இறங்கும் ஸ்வரங்கள் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும்.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இந்தக் குழுவுல சேர இருந்தாராமே?

கிட்டார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸின் டிரம்மர் மிட்ச் மிட்செலோடு எமர்சனும் லேக்கும் பேசியது உண்மை. அதிலிருந்து கிளம்பி, ஹென்ட்ரிக்ஸ், எமர்சன், லேக், பாமர் நால்வரின் ஆங்கில முதலெழுத்தைச் சேர்த்து 'ஹெல்ப்' என்று பெயர் வைக்கப் போகிறார்கள் என்பது வரை பத்திரிகைகளில் வளர்ந்தது. சேர்ந்து எதுவும் பதிவாகவில்லை. 1970 செப்டம்பர் 18 அன்று ஹென்ட்ரிக்ஸ் இறந்தார்.

விமர்சகர்களுக்கு ஏன் இவங்களைப் பிடிக்கல?

1970 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் இசை விழாவில் வாசித்தார்கள். குழுவுக்கு அது இரண்டாவது மேடை. ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் நீண்ட படைப்பொன்றை வாசித்து, முடிவில் நிஜப் பீரங்கிகளை வெடித்தார்கள். திறமையும் மின்சாரமும் வீண் என்று வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் சொன்னது அதற்குப் பிறகு இவர்கள் கூடவே வந்தது. ஆடம்பரம், அலட்டல் என்பதுதான் குற்றச்சாட்டு. பின்னாளைய சில ஆல்பங்களுக்கு அது பொருந்தலாம். இந்த ஆல்பத்தில் எனக்கு அது கேட்கவில்லை. அகூஸ்டிக் கிட்டாருக்காக மற்ற இருவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் குழுவை அலட்டல்காரர்கள் என்று எப்படிச் சொல்வது? மக்கள் வாங்கினார்கள். விற்பனைப் பட்டியலில் பிரிட்டனில் 4-ஆம் இடம், அமெரிக்காவில் 18-ஆம் இடம்.

எந்தப் பதிப்பை வாங்கறது?

முதல் முறை என்றால் பழைய, அசல் ஒலிக்கலவை (மிக்ஸ்) உள்ள எதுவும் போதும். 2012-இல் ஸ்டீவன் வில்சன் புதிதாகக் கலந்த பதிப்பும் இருக்கிறது. அசல் காதில் ஏறிய பிறகு அதைக் கேளுங்கள். இசைத்தட்டாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, அட்டைப் படமாக நிக் டார்ட்னெல் வரைந்த புறாவைப் பெரிய அட்டையில்தான் பார்க்க வேண்டும்.

கேட்டாச்சு, ரொம்பப் பிடிச்சிருக்கு. அடுத்து என்ன?

இவர்களுடைய அடுத்த ஆல்பம் 'டார்கஸ்', 1971. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். 'அல்லெக்ரோ பார்பரோ'வைத் தனிப் பியானோவில் ஒரு தடவை, 'சின்ஃபோனியெட்டா'வின் முதல் பகுதியை ஒரு தடவை கேளுங்கள். இரண்டும் சேர்ந்து ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு 'தி பார்பேரியன்' போட்டு, பேஸ் மட்டும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.